கிச்சினரில் பிறந்த கறுப்பு: ஸ்காபரோ பேஸ்மென்ட்டில் ஒரு எலெக்ட்ரோஹோம் மார்க்கீ 8500

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முற்றாக இருட்டாக்கக்கூடிய ஓர் அறை, 80 அங்குல அகலத் திரை போதும் என்ற மனம், அடிக்கடி அதோடு இருந்து மினக்கெடும் பொறுமை. இந்த மூன்றும் உங்களிடம் இருந்தால் 1990களின் மூன்று ரியூப் (பழைய தொலைக்காட்சியில் இருந்ததுபோன்ற படக்குழாய்) புரொஜெக்டர் ஒன்றை இன்றைக்கும் நம்பி வாங்கலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம், வேறு ஏதாவது வாங்குங்கள்.

என்னிடம் இருப்பது எலெக்ட்ரோஹோம் மார்க்கீ 8500. பார்கோ, சோனி, என்.இ.சி. என்று அந்தக் காலத்தில் நல்ல பெயர்கள் பல இருந்தன. நான் மார்க்கீயைத் தேடியதற்கு ஒரு காரணம், அது எங்களூர்ச் சாமான். நான் இருக்கும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் கிச்சினர். எலெக்ட்ரோஹோம் 1907இல் அங்கேதான் கிராமபோன் செய்யத் தொடங்கியது. அப்போது அந்த ஊரின் பெயர் பெர்லின். முதலாம் உலகப் போரின் நடுவே, 1916இல்தான் கிச்சினர் ஆனது. பிறகு வானொலி, தொலைக்காட்சி, தளபாடம் என்று வளர்ந்து, கடைசியில் மண்டபங்களுக்கும் விமானப் பயிற்சிக் கூடங்களுக்கும் புரொஜெக்டர் செய்தார்கள். 1999இல் அந்தப் பிரிவைக் கிறிஸ்டி நிறுவனம் வாங்கியது. இன்று பல திரையரங்குகளில் கிறிஸ்டி என்ற பெயரைப் பார்க்கிறோமே, அந்த வேலையின் வேர் இந்த ஊரில் இருக்கிறது. புதிதாக வந்தபோது மார்க்கீயின் விலைக்கு ஒரு நல்ல கார் வாங்கியிருக்கலாம். இப்போது சில நூறு டொலருக்குக் கிடைக்கும். தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று சும்மா தருகிறவர்களும் உண்டு.

உள்ளே விளக்கு கிடையாது. வெளிச்சத்துக்கு நிறமேற்றச் சுழலும் நிறச் சக்கரம் கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனித்தனி 8 அங்குல ரியூப்கள், ஒவ்வொன்றுக்கும் தனி லென்ஸ். ஒவ்வொரு ரியூப்பும் தன் நிறத்தில் ஒரு சிறிய, மிகப் பிரகாசமான படத்தை வரைகிறது. மூன்றும் திரையில் ஒன்றின்மேல் ஒன்று விழும்போதுதான் முழுப் படம் பிறக்கிறது. புள்ளிக் கட்டங்கள் இல்லாததால் திரைக்குக் கிட்டப் போய் நின்றாலும் சதுரங்கள் தெரியாது. ரியூப்புக்குள் படத்தை வரையும் எலெக்ட்ரான் கற்றையை மின்காந்தத்தால் குவிப்பதால், வெளிச்சம் கூடும்போதும் புள்ளி அவ்வளவாக வீங்காமல் கூர்மையாக நிற்கிறது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிது கறுப்பு. பரவலாக விற்கும் ரகங்களான எல்.சி.டி., டி.எல்.பி. புரொஜெக்டர்களில் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு வேண்டிய இடத்தில் அந்த வெளிச்சத்தை மறிக்கப் பார்ப்பார்கள், முழுதாக மறிக்க முடியாது, சாம்பல் கசியும். இங்கே கறுப்பு என்றால் எலெக்ட்ரான் கற்றை அந்த இடத்தில் இல்லை. ஒளியே பிறக்கவில்லை. ஒரு காட்சி இருண்டு அடுத்தது தொடங்குவதற்கு இடையில் என் பேஸ்மென்ட்டில் திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஓ.எல்.ஈ.டி. தொலைக்காட்சியிலும் இந்தக் கறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் திரையில் பட்டுத் தெறித்து வரும் ஒளியில் முகம் பார்ப்பதும், தானே எரியும் பலகையில் முகம் பார்ப்பதும் எனக்கு ஒன்றல்ல.

வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ரியூப்பின் முகம். நிறுத்திய நிலையில் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். முடிந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டே பாருங்கள். ரியூப்பின் முகத்தில் பூசியிருக்கும், கற்றை பட்டால் ஒளிரும் பொஸ்பர் தேய்ந்த இடம் கொஞ்சம் கறுத்த நீள்சதுரமாகத் தெரியும். என்னுடையது ஒரு நிறுவனத்தின் கூட்ட அறையில் தொங்கியது. கணினிப் படம் காட்டிக் காட்டி 4:3 வடிவில் தேய்ந்திருக்கிறது, ஆனால் சீராகத் தேய்ந்திருக்கிறது. இது பெரிய பாதகமில்லை. 4:3 தேய்வுக்குள் அகலப் படம் போட்டால் ஓரம் எதுவும் தெரியாது. மறுவளமாக, யாரோ வீட்டில் வருடக்கணக்கில் அகலப் படம் மட்டுமே பார்த்த ரியூப்பில் 4:3 படம் போட்டால், மேலும் கீழும் தேயாத பட்டைகள் பளிச்சென்று தெரியும். பழைய படம் பார்க்க நினைப்பவர்கள் அப்படியான ஒன்றைத் தொடவே வேண்டாம். மெனு வரி, நிறுவனச் சின்னம் போன்றவை எரிந்து பதிந்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, ரியூப்பின் முகத்துக்கும் அதன் முன்கண்ணாடிக்கும் இடையில் இருக்கும் குளிர்விக்கும் திரவம். கிளைக்கோல் கலவை. வருடங்கள் போகப்போக அதில் பூஞ்சை பிடிக்கும். டார்ச் வெளிச்சத்தில் மூடுபனி போலவோ மிதக்கும் இழை போலவோ தெரியும். வடித்துக் கழுவிப் புதுத் திரவம் விடலாம், ஆனால் அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. உள்ளே 30,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. மின்சாரத்தைக் கழற்றிய பிறகும் அதில் கொஞ்சம் தேங்கி நிற்கும். மூடியைத் திறக்கும் ஆசை வந்தால் தெரிந்த ஒருவரை அழையுங்கள். இதில் நான் கண்டிப்பானவன்.

என் வீடு பழைய பங்களோ. பேஸ்மென்ட் கூரை தலைக்கு மேல் கொஞ்சம்தான் இருக்கிறது. ஆளையே அமத்தும் பாரமுள்ள பெட்டியை அங்கே தொங்கவிட்டால் எல்லோர் நெற்றியும் இடிக்கும், ஆகவே நிலத்தில் தாழ்ந்த மேசை ஒன்றில் வைத்தேன், நாற்காலிகள் அதற்குப் பின்னால். திரையிலிருந்து ஏறக்குறைய பத்தடி. பார்ப்பதற்குப் பெட்டி பெரிதாக நடுவில் குந்திக்கொண்டிருக்கும், உண்மைதான். ஆனால் லென்ஸுக்குக் கை எட்டும். ஏணியில் ஏறி நின்று குவியம் திருப்பும் கொடுமை இல்லை. தாழ்ந்த கூரைக்காரருக்கு நிலத்தில் வைப்பதையே சொல்வேன்.

சுவரையும் கூரையையும் மினுக்கமில்லாத கரும்சாம்பல் பூசினேன், திரையைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட். இது அலங்காரத்துக்காக இல்லை. வெள்ளைக் கூரை திரை வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அனுப்பினால், அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற கறுப்பு அந்த இடத்திலேயே செத்துவிடும். திரை சாதாரண மட் வெள்ளை, ஒளிப்பெருக்கம் 1.3. அதிகம் பெருக்கும் திரைகளைக் கடைக்காரர் காட்டுவார், வேண்டாம். மூன்று நிறமும் மூன்று கோணத்திலிருந்து வருவதால், அப்படியான திரையில் ஒரு பக்கம் செம்மையாகவும் மறுபக்கம் நீலமாகவும் சாயும்.

இனி உண்மையான வேலை. முன்பு தொலைக்காட்சி திருத்தும் கடை வைத்திருந்த ஓர் அண்ணையைக் கூலி பேசிக் கூப்பிட்டேன். வந்தவுடன் புரொஜெக்டரை ஓடவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.

"அண்ணை, தொடங்கேல்லையோ?"

"சூடாகட்டும் தம்பி. அரை மணித்தியாலம் விடு. குளிரேக்கை சரிப்பண்ணினா சூடானாப் பிறகு எல்லாம் நகரும்."

அதற்குப் பிறகு சிவப்பையும் நீலத்தையும் மூடிவிட்டுப் பச்சையோடு மட்டும் இருந்தார். பச்சை லென்ஸ் திரையின் சரி நடுவை நேரே பார்க்க வேண்டும். முதலில் கையால் லென்ஸைத் திருப்பி நடுக் குவியம், பிறகு மூலைக் குவியம். நடு கூர்மையாகி மூலை மங்கினால் லென்ஸின் சாய்வைத் திருத்த வேண்டும். அதன்பின் கட்டக் கோடுகளைப் போட்டு வளைந்தவற்றை நேராக்குவது, ஓரம் குறுகியதை விரிப்பது. "பச்சை பிழைச்சா மற்ற ரெண்டும் அதைப் பார்த்துத்தானே பிழைக்கும்" என்றார். பச்சை திருப்தியான பிறகு அதன்மேல் சிவப்பை ஏற்றி, கோடுகள் ஒன்றாகி மஞ்சளாகும்வரை ஒவ்வொரு வலயமாக நகர்த்தினார். பிறகு சிவப்பை மூடிவிட்டு நீலம். இதைத்தான் கன்வெர்ஜென்ஸ் என்கிறார்கள். எல்லாம் ரிமோட்டால் திரையின் பகுதி பகுதியாகச் செய்வது. நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும், மாறிச் செய்தால் முடிவே வராது.

நீலத்தில் அவர் செய்த ஒன்று எனக்குப் புதிது. கூர்மையாக்கிவிட்டுப் பிறகு வேண்டுமென்றே ஒரு துளி மங்கவைத்தார். நீலப் பொஸ்பர் அதிக மின்னோட்டத்தில் ஒரு கட்டத்துக்கு மேல் வெளிச்சம் தராது. அதனால் நல்ல வெள்ளை மஞ்சளடிக்கும். கற்றையைக் கொஞ்சம் விரித்துவிட்டால் பாரம் பரவி நீலம் மீளும். நீலத்தின் நுணுக்கத்தை எங்கள் கண் அவ்வளவாகப் பிடிப்பதில்லை, ஆகவே படத்தின் கூர்மையில் இழப்புத் தெரியாது. செய்த பின் வெள்ளை வேட்டி வெள்ளை வேட்டியாகவே தெரிந்தது.

அன்று மத்தியானம் தொடங்கி இரவுச் சாப்பாடுவரை போனது. அவருக்குக் கொடுத்த ஒவ்வொரு டொலரும் தகும். இப்போதெல்லாம் சிறு திருத்தங்களை நானே செய்கிறேன். ஒலிபெருக்கிகளின் காந்தத்தைக் கிட்ட வைக்காதீர்கள். கற்றை அதற்கு வளைந்து கொடுக்கும், கன்வெர்ஜென்ஸ் விலகும்.

சமிக்ஞை விடயம் சுருக்கமாக. பெட்டியின் பின்னால் பி.என்.சி. என்ற, கம்பியை முறுக்கிப் பூட்டும் ஐந்து துளைகள்: மூன்று நிறத்துக்கு, இரண்டு ஒத்திசைவுக்கு. எச்.டி.எம்.ஐ. அது பிறந்தபோது கிடையாது. இடையில் ஒரு மாற்றுப் பெட்டி வேண்டும், எச்.டி.பியூரி என்ற பெயரில் வந்தவை இதற்குப் பேர்போனவை. சிறிய கணினி ஒன்றிலிருந்து 720 வரிகளை நொடிக்கு 72 முறை அனுப்புகிறேன், திரையில் தெரியாத வரிகளையும் சேர்த்தால் நொடிக்கு 54,000 வரிகள், அதாவது 54 கிலோஹெர்ட்ஸ். ஏன் 72 என்றால், திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம். ஒவ்வொன்றையும் சரியாக மூன்று முறை காட்டலாம். 60இல் ஒரு சட்டகம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று நொண்டும். கமரா பக்கவாட்டில் நகரும்போது அந்த நொண்டல் கண்ணில் குத்தும். 72இல் அது இல்லை. 1080 வரிகளையும் இந்தப் பெட்டி இழுக்கும். ஆனால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 8 அங்குல ரியூப்புக்கு 720தான் என் கண்ணுக்கு வடிவாக இருக்கிறது.

இதில் எதைப் பார்ப்பது? நான் பார்ப்பதில் பெரும்பங்கு 1950களின் கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படங்கள். அவற்றின் சட்டகம் கிட்டத்தட்ட 4:3. ரியூப்பின் முகமும் 4:3. அகலத் தொலைக்காட்சியில் இரண்டு பக்கமும் பட்டை விழுந்து நடுவில் சுருங்கிக் கிடக்கும் அந்தப் படங்கள் இங்கே பொஸ்பர் முழுவதையும் நிறைத்துக்கொண்டு வருகின்றன. நல்ல பிரதி கிடைப்பது அரிது, தேய்ந்ததும் கீறல் விழுந்ததும்தான் அதிகம். கூர்மையான பலகையில் அந்தக் கீறல்தான் முதலில் தெரியும். இதிலோ நிழலில் நிற்கிற ஆளின் முகம் தெரிகிறது. கன்னத்துக்கும் கூந்தலுக்கும் இடையில் எத்தனை சாம்பல் இருக்கிறது என்று இதில் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. அந்த ஒளிப்பதிவாளர்கள் இருட்டை எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார்கள்! டிவிடிகளில் சாம்பல் கட்டம் கட்டமாகக் கிடப்பதைப் பார்த்து அவர்களை எடைபோடுவது அநியாயம்.

குறைகள் இருக்கின்றன, இந்த ரகம் முழுவதற்கும் பொதுவானவை. வெளிச்சம் குறைவு. விளம்பரத்தாளில் ஆயிரத்துக்கு மேல் போடும் லூமன் (வெளிச்சத்தின் அளவு) ஒரு சிறு வெள்ளைப் பகுதியின் உச்சக் கணக்கு. முழு வெள்ளைத் திரைக்கு 200, 250 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கதவிடுக்கால் பகல் வெளிச்சம் வந்தால் படம் வெளிறும். பனிவெளி, பாலைவனம் போன்ற முழுக்க வெளிச்சமான காட்சிகளில் லென்ஸுக்குள் ஒளி சிதறி, அதே சட்டகத்தில் இருக்கும் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும். அங்கே நல்ல டி.எல்.பி. இதை வெல்லும். விசிறிச் சத்தம் உண்டு, அமைதியான உரையாடலில் கேட்கும். ஒரு சூடாக்கி அளவு வெப்பம் தள்ளும், பெப்ரவரியில் அது நல்லது, ஆடி மாதத்தில் ஏசி போட வேண்டும். ஒரே படத்தை நிறுத்திவைத்துவிட்டு எழும்பிப் போக முடியாது, ரியூப்பில் பதிந்துவிடும். விளையாட்டுச் சனல்களின் மூலைச் சின்னத்துக்கும் இதே பயம்தான், அதனால் கிரிக்கெட்டை மேல்மாடித் தொலைக்காட்சியில் பார்க்கிறோம்.

புது ரியூப் இனிக் கடையில் கிடைக்காது. உதிரிக்கென்று இன்னொரு பழைய பெட்டியையே வாங்கி வைப்பவர்கள் உண்டு. இடமிருந்தால் நீங்களும் அதைச் செய்யுங்கள், ஆனால் இரண்டாவதன் நீல ரியூப்பை முதலில் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். தூக்க நாலு பேரையும், பின்பக்கம் முழுதாகத் திறக்கும் வானையும் கொண்டு போங்கள். லென்ஸ் மூன்றையும் மூடிக் கட்டாமல் ஏற்ற விடாதீர்கள்.