கிப்ஸ் மீள்சிந்தனைத் தாள்: கொழும்புக் களப்பணிக்குக் கைகொடுக்குமா?

சமூகப் பணி படிக்கும் பிள்ளைகளின் கொப்பியில் அனேகமாக இந்த வட்டப் படம் இருக்கும். செய்த வேலையைத் திரும்பிப் பார்த்து எழுத, பிரித்தானியக் கல்வியாளர் கிரஹம் கிப்ஸ் 1988இல் தந்த ஆறு படிகள்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது சரி எது பிழை, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன். ஒரு போட்டோகொப்பிக் காசுதான் செலவு. பாதுகாப்பு இல்லாத சூழலில் வளரும் இளம் பிள்ளைகளோடு வேலை செய்வோருக்கு நல்ல கருவி, ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். அச்சில் உள்ளபடியே நிரப்பினால் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

அதிகம் பிழை விடுவது முதல் கட்டத்தில். பாடசாலையை விட்டுப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் 15 வயதுப் பையனைச் சந்தித்துவிட்டு வருகிறீர்கள் என்று வையுங்கள். "பையன் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. நடந்தது என்ன? மூன்று கேள்விக்கு "தெரியாது" என்றான். தாய் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்தினான். கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். இதை எழுதிவிட்டால் கேட்கவேண்டிய கேள்விகள் தாமாக வரும்: தாய்க்கு முன்னால் சொல்ல முடியாத விஷயமா, வீட்டுக் கடனுக்காக வேலைக்குப் போகிறானா, ஒற்றை அறையில் தனியாகப் பேச இடமே இல்லையா? மட்டக்குளி, கொட்டாஞ்சேனைப் பக்கத்து நெருக்கமான வீடுகளில் இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறவிடவே கூடாது. தாளின் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்டதும் கேட்டதும், வலப்பக்கம் நீங்கள் விளங்கிக்கொண்டது. பத்து வரி போதும், அன்றைக்கே எழுதவேண்டும். அடுத்த நாளே ஞாபகம் தனக்குச் சாதகமாகக் கதை கட்டத் தொடங்கிவிடும்.

உணர்வுக் கட்டத்துக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். "கவலையாக இருந்தது" என்று நிறுத்தாமல், அந்தக் கவலை உங்களை என்ன செய்ய வைத்தது என்று எழுதுங்கள். எரிச்சலில் சந்திப்பைச் சுருக்கினீர்களா? பரிதாபத்தில் "யாரிட்டயும் சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுத்தீர்களா? இந்த இரண்டாவது ஆபத்தானது. துன்புறுத்தல் தெரியவந்தால் சொல்லியே ஆகவேண்டும், அன்றோடு அவன் நம்பிக்கை உடைந்துவிடும்.

"ஏன் அப்படி" என்பதைத் தனியாக எழுதினால் நமது அபிப்பிராயத்தையே சுற்றிவருவோம். மேற்பார்வையாளரோடு ஒரு மணித்தியாலம், ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி இருந்து பேசவேண்டும். "இந்த மாதம் எத்தனை வீடு?" என்று கேட்பது மேற்பார்வை ஆகாது. பையனின் குணத்தோடு நின்றுவிடாமல், 16 வயது வரை கல்வி கட்டாயமாக இருந்தும் அவன் எப்படி விடுபட்டான், வகுப்பாசிரியர் விசாரித்தாரா, பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்குத் தெரியுமா என்பதெல்லாம் இந்தக் கட்டத்துக்குள் வரவேண்டும்.

தாளின் பெரிய குறை, ஆறு கட்டத்திலும் பிள்ளைக்கு இடமில்லை என்பது. எல்லாம் பணியாளரின் பார்வை. ஏழாவதாக ஒன்றை நீங்களே சேர்த்துவிடுங்கள்: "இந்தச் சந்திப்பைப் பற்றி அவன் என்ன சொல்லுவான்?" ஊகித்து எழுதுவதோடு விடாமல், அடுத்த முறை நேரிலேயே கேளுங்கள்: "தம்பி, போன முறை நான் கேட்டதில எது பிடிக்கல்ல?" பதில் வராவிட்டாலும், கேட்டதே அவனுக்கு ஒரு மதிப்பு.

கடைசிக் கட்டத்தில் "நம்பிக்கையை வளர்ப்பேன்" என்று எழுதுவது திட்டம் இல்லை. "செவ்வாய் மாலை 4 மணி, சனசமூக நிலையத்தில், மற்றவர்கள் காணக்கூடிய ஆனால் பேச்சுக் கேட்காத மூலையில்" என்பது திட்டம்.

இது சந்திப்புக்குப் பிறகு எழுதும் தாள். வேலையின் நடுவிலேயே சிந்திப்பதையும் முடிந்தபின் சிந்திப்பதையும் அமெரிக்க அறிஞர் டொனல்ட் ஷோன் 1983இல் பிரித்துக் காட்டினார், கிப்ஸ் தாள் உதவுவது இரண்டாவதற்கே. "இண்டைக்கு வீட்ட போனா அடிப்பாங்க" என்று பிள்ளை சொன்னால் தாளை மூடிவிட்டு உடனே மேற்பார்வையாளருக்குச் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்கும்.

நிரப்பிய தாளில் பெயர், விலாசம், பாடசாலை எதுவும் வேண்டாம். பிள்ளையின் கோவையோடு சேர்க்காமல் தனியாகப் பூட்டி வையுங்கள். அதைப் படம் எடுத்து அலுவலக வட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. அங்கிருந்து எங்கே போகிறது என்று யாராலும் பிடிக்க முடியாது.