உச்சுக் கொட்டலும் ஒலியனும்: ஆறு வருடப் புழக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எல்லா மொழிகளின் ஒலிகளுக்கும் குறியீடு தரும் பன்னாட்டு ஒலிப்பு அட்டவணையை வகுப்புச் சுவரில் ஒட்டி 6 வருடம் ஆகிறது. 1886இல் பாரிசில் தொடங்கிய சங்கத்தின் அட்டவணை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

முதல் வருடம் அது சுவருக்கு அலங்காரம்தான். ஒலியன் என்றால் மாறினால் பொருளையும் மாற்றும் ஒலி, மாற்றொலி என்றால் ஒரே ஒலியன் இடத்துக்கு இடம் ஒலிக்கும் விதம் என்று வரையறை சொன்னேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒருநாள் எதற்கோ நான் உச்சுக் கொட்ட, பின்வரிசைப் பெண், "ஆன்ட்டி, அது ஜூலு எழுத்தாச்சே!" என்றாள். உண்மைதான். நாம் இரக்கப்பட்டு எழுப்பும் அந்தச் சத்தம், இங்கே பேசப்படும் ஜூலு மொழியில் ஒரு மெய். அங்கே 'தெலா' என்றால் ஊற்று. முதல் ஒலியை எடுத்துவிட்டு உச்சை வைத்தால் 'கேட்டு வாங்கு' என்று ஆகிவிடும். பொருளை மாற்றுவதால் அவர்களுக்கு அது ஒலியன், நமக்கு வெறும் சத்தம். அதற்கப்புறம் பலம், பழம் என்று சொன்னதுமே பிடித்துக்கொண்டார்கள்.

மாற்றொலிக்கு 'க' போதும். கடலில் ஒரு விதம், தங்கத்தில் ஒரு விதம், அகத்தில் இன்னொரு விதம், எழுத்து ஒன்றே. இடத்தைப் பார்த்தே ஒலியைச் சொல்லிவிடலாம் என்று பெருமையாக முடித்தேன். "அப்போ காந்தி?" என்றான் ஒருவன். கடல் மாதிரி முதலெழுத்துத்தான், ஆனால் ஒலி தங்கத்தில் வருவது. அவர் 1904இல் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு இதே டர்பனில் இருக்கும்போது எப்படி மழுப்புவது? கடன்சொற்கள் இந்த விதிக்குள் அடங்காது என்று ஒப்புக்கொண்டேன்.

அட்டவணை கைவிட்ட இடம் ழகரம். அதில் ழகரத்தின் குறி தலைகீழ் ஆர் (r), அதற்கு ஒரு வால். அதைக் காட்டினால் யாருக்கு நாக்கு மடியும்? தொல்காப்பியம் ரகரத்தையும் ழகரத்தையும் சேர்த்து, நுனிநாக்கு எழுந்து அண்ணத்தை வருடும் என்கிறது. 'வருடு' என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேருக்கு வந்துவிடும்.

கலைச்சொற்களில் ஒரு குறை உண்டு. ஒலியியல், ஒலியனியல் இரண்டையும் வேகமாகச் சொன்னால் எனக்கே குழம்பும். "வாய் செய்வது", "மொழி கணக்கில் எடுப்பது" என்றே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

அட்டவணையில் உச்சொலிகளின் கட்டம், விரல் பட்டுப் பட்டு வெளுத்துவிட்டது. அடுத்ததை லேமினேட் செய்துதான் ஒட்ட வேண்டும்.