டேப் சுற்றி முடித்த பிறகு: பேக்குலாவை நிர்வகித்த அனுபவம்

பேக்கப் மென்பொருள் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் நிறுவிய மாதத்திலேயே எழுதப்படுகின்றன. திரை நன்றாக இருக்கிறது, முதல் ஜாப் (ஒருமுறை பேக்கப் எடுக்கும் வேலை) ஓடியது, வேகம் பரவாயில்லை என்று முடிந்துவிடும். ஆனால் இந்த வகை மென்பொருளின் குணம் சில வருடங்கள் கழித்துத்தான் தெரியும். டேப்கள் ஒரு சுற்று முடிந்து மறுபடி எழுதப்பட வேண்டும். கேட்டலாக் வீங்க வேண்டும். டைரக்டர் ஓடும் சர்வரையே ஒருமுறை மாற்ற வேண்டும். முதலில் எல்லாவற்றையும் அமைத்தவர் வேறு வேலைக்குப் போயிருக்க வேண்டும். பேக்குலாவில் இத்தனையும் பார்த்தாயிற்று.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பேக்குலா ஒரு திறமூல பேக்கப் மென்பொருள். கெர்ன் சிபால்ட் 2000-இல் தொடங்கி 2002-இல் வெளியிட்டார். எப்போது எதை எடுக்க வேண்டும் என்று முடிவெடுப்பது டைரக்டர். ஒவ்வொரு சர்வரிலும் உட்கார்ந்து கோப்புகளைப் படித்து அனுப்புவது ஃபைல் டீமன். டேப்பிலோ டிஸ்க்கிலோ எழுதுவது ஸ்டோரேஜ் டீமன். எந்தக் கோப்பு எந்த வால்யூமில் (ஒரு டேப், அல்லது டேப் போலப் பயன்படும் டிஸ்க் கோப்பு) எங்கே இருக்கிறது என்ற கணக்கு முழுவதும் கேட்டலாக் என்ற தரவுத்தளத்தில். நான் பேசுவது இலவசச் சமூகப் பதிப்பைப் பற்றி: லினக்ஸ் சர்வர்கள், கொஞ்சம் விண்டோஸ், ஒரு டேப் லைப்ரரி (டேப்களைத் தானே மாற்றிப் போடும் இயந்திரம்), கூடவே டிஸ்க் வால்யூம்கள். இதிலிருந்து பிரிந்து 2013-இல் வெளியான பேரியோஸுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தொடக்க நாட்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். மூன்று கன்ஃபிக் கோப்புகளில் பெயரும் கடவுச்சொல்லும் சரியாகப் பொருந்தும்வரை அங்கீகாரப் பிழை வந்துகொண்டே இருக்கும். ஒரே நேரத்தில் பல ஜாப்கள் ஓட வேண்டுமென்றால் அந்த எண்ணிக்கையை டைரக்டர், கிளையன்ட் (பேக்கப் எடுக்கப்படும் சர்வர்), ஸ்டோரேஜ் என்று ஒவ்வொரு இடத்திலும் உயர்த்த வேண்டும். ஒன்றை விட்டாலும் ஜாப்கள் வரிசையில் நின்றுவிடும், ஏன் என்று எங்கும் தெளிவாகச் சொல்லாது. இதெல்லாம் ஒரு வாரத் தலைவலி, அப்புறம் மறந்துபோகும். மறக்காத தலைவலிகள் வேறு.

முதலாவது, பச்சை நிறத்தில் வரும் வெற்றி. பேக்குலாவில் ஃபைல்செட் (எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்ற பட்டியல்) எழுதும்போது மூல அடைவைக் கொடுத்துவிட்டால் சர்வர் முழுவதும் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது. இயல்பான அமைப்பில் அது ஒரு ஃபைல்சிஸ்டத்தை விட்டு இன்னொன்றுக்குள் இறங்காது. தரவுத்தளத்துக்கென்று தனி டிஸ்க்கை மவுன்ட் செய்திருந்தால் அந்த அடைவின் பெயர் மட்டும் பேக்கப்பில் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இதை ஒளித்து வைக்கிறது என்று சொல்ல முடியாது. 'இது வேறு ஃபைல்சிஸ்டம், உள்ளே இறங்கமாட்டேன்' என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கும். ஆனால் அது பிழையாகவோ எச்சரிக்கையாகவோ எண்ணப்படுவதில்லை. ஜாப் சுத்தமாக ஓகே என்று முடியும்.

இந்த இயல்புக்கு நியாயம் உண்டு. நெட்வொர்க் மவுன்ட்டையெல்லாம் சேர்த்து இழுத்தால் ஒரே ராத்திரியில் டேப்கள் காலி. இருந்தாலும் சர்வர் டீமில் யாராவது புது டிஸ்க் சேர்க்கும்போது பேக்கப் அட்மினிடம் சொல்வார்கள் என்பதை நம்பி இருக்க முடியாது. எங்கள் வழி இது: அறிக்கை மின்னஞ்சல்களை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் படித்து அந்த வரியை மட்டும் தேடும். தெரிந்த மவுன்ட் பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் காலையில் அது முதலில் கண்ணில் படும். கூடவே எஸ்டிமேட் கட்டளையை லிஸ்டிங்கோடு ஓட்டினால் எந்தெந்தக் கோப்புகள் எடுக்கப்படும் என்று ஜாப் ஓடாமலேயே பார்த்துவிடலாம். புது சர்வர் சேர்க்கும்போது இதைச் செய்யாமல் நான் ஷெட்யூலில் போடுவதில்லை.

தரவுத்தளங்களும் இதே ரகம். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே அள்ளி வந்தால் பயனில்லை, அதனால் ஜாப் தொடங்குமுன் கிளையன்ட்டில் ஒரு டம்ப் ஸ்கிரிப்டை (தரவுத்தளத்தை ஒரு கோப்பாக நகலெடுப்பது) ஓட வைப்போம். அந்த ஸ்கிரிப்ட் தோற்றால் ஜாப்பும் தோற்கும், அதுவே இயல்பான நடத்தை. நல்ல விஷயம். ஆனால் டம்ப்பைப் பைப் போட்டு ஜிஜிப் என்ற சுருக்கும் கருவிக்கு அனுப்பினால் ஷெல் பார்ப்பது கடைசியில் நிற்கும் ஜிஜிப்பின் முடிவைத்தான். டம்ப் முதல் வரியிலேயே செத்தாலும் ஜிஜிப் ஒன்றுமில்லாததை அழகாகச் சுருக்கிக் கொடுத்து வெற்றி என்று சொல்லும். அப்படி உருவாகும் கோப்பின் அளவு 20 பைட். பேக்குலா அந்த 20 பைட்டைப் பத்திரமாக டேப்பில் எழுதி வைக்கும். ஸ்கிரிப்டின் தலையில் பைப்ஃபெயில் அமைப்பை (பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்ல வைப்பது) போடுவதும், டம்ப்பின் அளவு நேற்றையதை விட ரொம்பக் குறைந்தால் நாமே தோல்வி என்று அறிவிப்பதும் கட்டாயம்.

இது கற்பனைப் பயம் அல்ல. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தள அடைவு தவறுதலாக அழிக்கப்பட்டபோது, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் 9.6 பதிப்புக்கு எதிராக 9.2 பதிப்பு டம்ப் கருவி ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. டம்ப்கள் தோற்றுக்கொண்டே இருந்திருக்கின்றன. தோல்வி மின்னஞ்சல்களும் டிமார்க் (அனுப்புநரைச் சரிபார்க்கும் முறை) அமைக்கப்படாததால் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் போய்ச்சேரவில்லை. அவர்கள் இதை வெளிப்படையாக எழுதினார்கள், நாம் படித்துக்கொள்ளலாம். அதைப் படித்த பிறகு தோல்வி மின்னஞ்சலை மட்டும் நம்பும் எந்த ஏற்பாட்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கடந்த ஒரு நாளில் வெற்றிகரமாக முடிந்த ஜாப் இல்லாத கிளையன்ட் யார் என்று கேட்டலாக்கையே நேராகக் கேட்கும் ஒரு வினவல், வேறொரு கண்காணிப்பு சர்வரிலிருந்து ஓடட்டும்.

அடுத்தது தக்கவைப்புக் காலம். பேக்குலாவை விட்டு ஓடியவர்களில் பாதிப் பேர் ஓடியது இதனால்தான் என்று நினைக்கிறேன். மூன்று காலங்கள் இருக்கின்றன. கேட்டலாக்கில் கோப்புப் பெயர்கள் எத்தனை நாள் இருக்கும், ஜாப் பதிவு எத்தனை நாள் இருக்கும், வால்யூமை எப்போது மறுபடி பயன்படுத்தலாம். மாற்றாமல் விட்டால் முறையே 60 நாள், 180 நாள், 365 நாள். இதன் நடைமுறைப் பொருள்: கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து நான்கு மாதத்துக்கு முந்தைய ஒரே ஒரு எக்செல் கோப்பைக் கேட்டால், தரவு டேப்பில் இருக்கும், ஜாப் பதிவும் இருக்கும், கோப்புப் பட்டியல் இருக்காது. ஒரு கோப்புக்காக மொத்த ஜாப்பையும் இறக்க வேண்டும். இல்லையென்றால் டேப்பை முழுக்கப் படித்துப் பட்டியலை மறுபடி உருவாக்க வேண்டும். கேட்டவருக்கு இதை விளக்கிப் பாருங்கள்.

டிஸ்க் இடம் விலை குறைந்த இந்தக் காலத்தில் கோப்புப் பதிவை ஜாப் பதிவுக்குச் சமமாக நீட்டிவிடுவதே என் பழக்கம். கேட்டலாக் பெருக்கும், பெருக்கட்டும். போஸ்ட்கிரெஸ் தாங்கும், அதன் தானியங்கித் துப்புரவான ஆட்டோவேக்யூமை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும். கோடிக்கணக்கான சின்னக் கோப்புகள் உள்ள மெயில் சர்வருக்கு ரீஸ்டோர் செய்யும்போது அடைவு மரத்தைக் கட்டவே நினைவகம் நிறையப் பிடிக்கும் என்பது உண்மைதான்.

இன்னொரு நுணுக்கம். பூலில் (வால்யூம்களின் தொகுப்பு) வால்யூம் காலத்தை 365-இலிருந்து 90 ஆக மாற்றி ரீலோடு செய்கிறீர்கள். ஏற்கெனவே லேபிள் போட்ட வால்யூம்கள் எதற்கும் அது போய்ச்சேராது. அவை பிறந்தபோது இருந்த மதிப்பையே வைத்திருக்கும். அப்டேட் கட்டளையில் போய், பூலில் இருக்கும் எல்லா வால்யூமுக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். கையேட்டில் இருக்கிறது. கையேடு பெரிது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அது எனக்குப் பிடித்த பக்கம். காலம் முடிந்தது என்பதற்காகப் பேக்குலா ஒரு வால்யூமை உடனே அழிப்பதில்லை. எழுத இடம் வேண்டும், வேறு வால்யூம் எதுவுமில்லை என்ற நிலை வந்தால்தான் பழையதில் கைவைக்கும். எல்லாம் முடிந்துபோன தரவு என்று நாங்கள் நினைத்தது டேப்பில் அப்படியே இருந்து உதவிய சந்தர்ப்பங்கள் உண்டு.

அதே கஞ்சத்தனம் நள்ளிரவில் வேறு முகம் காட்டும். எழுதத்தக்க வால்யூம் கிடைக்கவில்லை, புதிதாக லேபிள் செய்யுங்கள் என்று செய்தி அனுப்பிவிட்டு ஜாப் அப்படியே காத்திருக்கும். தோற்காது, காத்திருக்கும். வெள்ளி இரவு நின்றால் திங்கள் காலைவரை நிற்கும். இதில் நிறையப் பேர் கவனிக்காத ஒன்று: கூடவே வரும் மாதிரி அமைப்பில் சாதாரண ஜாப்களின் முன்னுரிமை 10, கேட்டலாக்கை பேக்கப் எடுக்கும் ஜாப்புக்கு 11. பெரிய எண் உள்ள ஜாப், சிறிய எண் உள்ளவை எல்லாம் முடிந்தால்தான் கிளம்பும். ஆக ஒரே ஒரு ஜாப் டேப்புக்காகக் காத்து நின்றால் கேட்டலாக் பேக்கப்பும் நடக்காது. ஜாப்களுக்கு அதிகபட்சக் காத்திருப்பு நேரம் கொடுத்து, ஒரே ஜாப்பின் இரண்டாம் பிரதி வரிசையில் சேராமல் தடுத்த பிறகுதான் எங்கள் வார இறுதிகள் அமைதியாயின.

டேப் வேகம் பற்றி ஒரு வார்த்தை. எல்டிஓ-8 என்ற டேப் தரத்தின் டிரைவ், சுருக்கம் இல்லாமலே நொடிக்கு 360 மெகாபைட் எழுதும். ஒரு ஜிகாபிட் இணைப்பில் வரும் சர்வரால் அதன் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடத் தீனி போட முடியாது, டேப் நின்று பின்னால் போய் மறுபடி ஓடும். ஸ்பூலிங்கைப் போட்டு முதலில் எஸ்எஸ்டியில் சேர்த்துவிட்டு மொத்தமாக டேப்புக்குத் தள்ளுவது நல்லது. ஆனால் ஸ்பூலிலிருந்து டேப்புக்குப் போகும் நேரத்தில் அந்த ஜாப் கிளையன்ட்டிலிருந்து படிப்பதை நிறுத்திவிடும். பல ஜாப்கள் இணையாக ஓடினால் மட்டுமே மொத்த நேரம் சரிக்கட்டும்.

சரி, இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் இன்னும் இதிலேயே இருக்கிறேன்? டைரக்டர் சர்வர் செத்துப்போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இதைப்போல நேரான பதில் வைத்திருக்கும் மென்பொருட்கள் குறைவு என்பதால்தான். எல்லாம் தெரிந்த ஒரே இடம் கேட்டலாக். அது போய்விட்டால் கையில் இருப்பது பார்கோடு ஒட்டிய டேப்கள் மட்டும். பேக்குலாவில் ஒவ்வொரு ஜாப்பும் பூட்ஸ்டிராப் என்ற சின்ன உரைக் கோப்பை எழுத வைக்கலாம். எந்த வால்யூம், எந்த செஷன் (வால்யூமில் அந்த ஜாப் எழுதிய பகுதி) என்ற விவரம் அதில் இருக்கும். அந்தக் கோப்பும் ஸ்டோரேஜ் டீமனின் கன்ஃபிகும் இருந்தால் போதும், டைரக்டரும் தரவுத்தளமும் இல்லாமலேயே பீஎக்ஸ்ட்ராக்ட் என்ற கருவியால் தரவை டேப்பிலிருந்து எடுக்கலாம். அந்தக் கருவியால் முதலில் கேட்டலாக் டம்ப்பை எடுத்து ஏற்ற வேண்டும். அதன்பின் எல்லாம் வழக்கமான ரீஸ்டோர்தான்.

பூட்ஸ்டிராப் கோப்பை அந்த சர்வரிலேயே வைத்திருப்பதில் பொருளில்லை. அதைப் பைப் வழியாக மின்னஞ்சலுக்கு அனுப்ப வசதி உண்டு. அதுவும் இல்லையென்றாலும் வழி மூடவில்லை. ஒவ்வொரு ஜாப் அறிக்கையிலும் வால்யூம் பெயர், செஷன் எண், செஷன் நேரம் மூன்றும் அச்சாகியிருக்கும். அவற்றை வைத்துக் கையாலேயே ஒரு பூட்ஸ்டிராப் எழுதிவிடலாம், மொத்தம் நான்கைந்து வரி. டைரக்டரை வேறு சர்வருக்கு மாற்றும்போது இதை ஒத்திகையாகவே செய்து பார்த்தோம்: புது மெஷின், காலி தரவுத்தளம், ஒரு பழைய மின்னஞ்சல், ஒரு டேப். வேலை செய்தது. அன்றைக்குத்தான் இந்த மென்பொருள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

அதுவும் போனால் கடைசியாக பீஸ்கேன். டேப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் கேட்டலாக்கைத் திரும்பக் கட்டும். 12 டெராபைட் நிறைந்த எல்டிஓ-8 டேப் ஒன்றை முழு வேகத்தில் படிக்கவே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகவே லைப்ரரி முழுவதற்கும் இதை நம்பித் திட்டம் போடக்கூடாது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: கிளையன்ட் பக்கத்தில் தரவை என்கிரிப்ட் செய்தால் சாவி அந்தக் கிளையன்ட்டில் இருக்கிறது. சர்வர் எரிந்தால் சாவியும் எரியும். மாஸ்டர் சாவி அமைத்து வெளியே பத்திரப்படுத்தாமல் அந்த வசதியைத் தொடாதீர்கள்.

அன்றாட ரீஸ்டோர் பார்க்க அழகில்லை, பழகினால் வேகமானது. கன்சோலில் ரீஸ்டோர் என்று தட்டினால் எண் போட்ட பட்டியல் வரும். குறிப்பிட்ட தேதிக்கு முந்தைய நிலை வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் ஃபுல் (முழுவதும்), டிஃபரென்ஷியல் (கடைசி ஃபுல்லுக்குப் பின் மாறியவை), இன்கிரிமென்டல் (கடைசி பேக்கப்புக்குப் பின் மாறியவை) மூன்றையும் தானே கோத்துக்கொள்ளும். ஷெல்லில் நடமாடுவது போல அடைவுக்குள் போய்க் கோப்புகளை மார்க் செய்து டன் என்றால் எந்தெந்த டேப் வேண்டும் என்று சொல்லிவிடும். மாதிரி அமைப்பில் கோப்புகள் அசல் இடத்தில் மேலெழுதாமல் தனி அடைவில் இறங்கும், நல்ல முன்யோசனை. அந்த அடைவு டெம்ப்பின் கீழே இருந்து, டெம்ப் நினைவகத்தில் இருந்தால் மட்டும் பெரிய ரீஸ்டோர் சர்வரையே கவிழ்க்கும். கடைசிக் கேள்விக்கு யெஸ் சொல்லுமுன் மாட் என்று கொடுத்து இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பில் நிம்மதியாக இருக்க முடியாது. ஃபைல் டீமன் ரூட் உரிமையோடு ஓடுகிறது, டைரக்டர் சொன்னால் ஸ்கிரிப்டும் ஓட்டும். டைரக்டரைப் பிடித்தவன் எல்லா சர்வரையும் பிடித்தவன். அதை டொமைனில் சேர்க்காமல் தனி நெட்வொர்க்கில் வைத்திருக்கிறோம். ஹெல்ப்டெஸ்க் ஆட்களுக்கு ரீஸ்டோர் மட்டும் செய்யக்கூடிய, கட்டளைகள் கட்டுப்படுத்தப்பட்ட கன்சோல். அப்புறம், வாராவாரம் லைப்ரரியிலிருந்து டேப்பை வெளியே எடுத்து அலமாரியில் பூட்டுவது. எந்த ரான்சம்வேரும் அலமாரியைத் திறக்காது.

மெய்நிகர் மெஷின்களை முழு இமேஜாக எடுப்பதுதான் உங்கள் முக்கியத் தேவை என்றால் இது வேண்டாம். விஎம்வேருக்கான பிளக்இன் கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது, அந்த வேலைக்கென்றே பிறந்த மென்பொருட்கள் வேறு உண்டு. கோப்புகளும் டேப்பும் லினக்ஸும் உங்கள் உலகம், டீமில் ஒருவராவது கன்ஃபிக் கோப்பை வெர்ஷன் கன்ட்ரோலில் வைத்துப் படித்துத் திருத்தத் தயார் என்றால் தாராளமாக எடுக்கலாம்.

அப்கிரேடுக்கு ஒரு குறிப்பு. டைரக்டரும் ஸ்டோரேஜ் டீமனும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும், ஃபைல் டீமன்கள் பழையதாக இருக்கலாம். ஆக முதலில் கேட்டலாக் டம்ப், அடுத்து அந்த இரண்டும், கூடவே வரும் ஸ்கிரிப்டால் தரவுத்தள ஸ்கீமா (அட்டவணை அமைப்பு). கிளையன்ட்களை அவசரமில்லாமல் அடுத்தடுத்த வாரங்களில் பார்த்துக்கொள்ளலாம்.