தேக்காவில் உயிர் பெற்ற 13-ஆம் எண் ஜெர்சி

இணையத்தில் வாங்கிய, அமெரிக்கக் கால்பந்து வீரர் கர்ட் வார்னரின் ராம்ஸ் அணி ஜெர்சி மூன்றே சலவையில் உரிய ஆரம்பித்துவிட்டது. எண்ணைத் தைக்கவே இல்லை, சூடு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். 1-இன் மேல்முனை சுருண்டுகொண்டது, 3-இன் நடுவில் விரிசல். விற்ற ஆளிடமிருந்து பதிலே இல்லை. தூக்கிப் போட மனசு வராமல் சிங்கப்பூர் தேக்கா நிலையத்தின் மாடியில் இருக்கும் ஒரு சின்னத் தையல் கடைக்கு எடுத்துப் போனேன்.

தையல்கார அக்கா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "புதுசே வாங்கிடலாமே தம்பி, யாரு இந்த ஆளு?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

2009 பிப்ரவரியில் நான் ஒரு பேரங்காடியில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசி மூட்டை, எண்ணெய் டின், பால் பெட்டி எல்லாம் அடுக்கி முடித்து ஒரு திங்கட்கிழமை காலை வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஓடுகிறது. அரிசோனா கார்டினல்ஸுக்குப் பந்து எறிந்த குவார்ட்டர்பேக் வார்னருக்கு வயது 37. முதல் பாதி முடியும் நேரத்தில் அவர் எறிந்ததை எதிரணியான பிட்ஸ்பர்க்கின் ஜேம்ஸ் ஹாரிசன் பிடித்து, 100 யார்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டுவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு உடைந்து போயிருப்பார். வார்னர் கடைசிக் கட்டத்தில் 23-20 என்று அணியை முன்னே கொண்டுவந்தார், 35 வினாடி பாக்கி இருக்கும்போது பிட்ஸ்பர்க் மறுபடி அடித்து 27-23 என்று ஜெயித்தது. யார் இந்த மனுஷன் என்று அன்றே தேடிப் படித்தேன், தூக்கமே போய்விட்டது.

1994-இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி பயிற்சி முகாமோடு அனுப்பிவிட, அயோவாவில் ஒரு பேரங்காடியில் மணிக்கு 5.50 டாலருக்கு இரவில் அலமாரி அடுக்கியிருக்கிறார்! அப்புறம் உள்ளரங்க அணி ஒன்றில் மூன்று வருஷம், ஆம்ஸ்டர்டாமில் ஒரு பருவம். 1999-இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸில் முதன்மை குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் போனதால்தான் 28 வயதில் இவருக்கு இடம் கிடைத்தது. அந்த ஒரே பருவத்தில் 4,353 யார்டு, 41 டச்டவுன், லீக்கின் சிறந்த வீரர் பட்டம். சூப்பர் பவுலில் டென்னசி அணியை 23-16 என்று வென்றபோது அவர் எறிந்த 414 யார்டு, 2017-இல் டாம் பிரேடி தாண்டும்வரை சாதனையாகவே நின்றது. அதே 2017-இல்தான் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்திலும் சேர்த்தார்கள்.

அக்கா முழுசையும் கேட்டுவிட்டு, "சரி, அப்ப ஒட்டக்கூடாது, தைச்சுத்தான் ஆகணும்" என்றார்.

வேலை பிரமாதம். பழைய எண்ணைச் சுரண்டி எடுத்து, காகிதத்தில் அளவு வெட்டி, கெட்டியான மஞ்சள் துணியில் புது எண் செய்திருக்கிறார். ஜெர்சி வலைத்துணி என்பதால் இழுபடாமல் இருக்க உள்பக்கம் கேன்வாஸ் வைத்து, ஓரம் முழுக்க நெருக்கமான ஜிக்ஜாக் தையல். ராம்ஸ் 2000-இல் நிறத்தை மாற்றிக் கருநீலத்துக்குப் போய்விட்டது. என்னுடையது அதற்கு முந்தைய பளிச்சென்ற நீலம், அதற்குத் தங்க நிறம் பொருந்தாது, நல்ல மஞ்சள்தான் வேண்டும் என்றேன். ஐந்தாறு நூல்கண்டை ஒவ்வொன்றாகத் துணிமேல் வைத்துக் காட்டிக் கேட்டுத்தான் எடுத்தார்.

குறை என்றால் ஒரு வாரம் என்றது பத்து நாளாகிவிட்டது. முதுகில் பெயரின் கடைசி எழுத்து ஒரு நூலளவு மேலே ஏறியிருக்கிறது, உற்றுப் பார்த்தால் தெரியும். 35 வெள்ளி வாங்கினார், இந்த வேலைக்கு அது தாராளமாகத் தகும்.

உள்பக்கம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவைக்கச் சொன்னார். இதுவரை ஆறு சலவை, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. கார்டினல்ஸ் ஜெர்சி ஒன்றும் இருக்கிறது, அதிலும் அதே 13, அதுவும் ஒட்டினதுதான், அடுத்த சனிக்கிழமை எடுத்துப் போகிறேன்.