போர்ஷே டைகான் 4எஸ்: பிரேக் எப்படி, எந்த ஆப்ஷனுக்கு காசு கொடுக்கலாம்

போர்ஷேவோட எலக்ட்ரிக் கார் டைகான், அதோட செகண்ட் ஹேண்ட் விலை ஜெர்மனில நல்லா இறங்கிடுச்சு, அதனால இங்க இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்தக் கார் பக்கம் பாக்க ஆரம்பிச்சிருக்காங்க. என்கிட்ட கேக்குறவங்க எல்லாருக்கும் முதல்ல சொல்றது ஒண்ணுதான்: கலர், சீட், பின்னாடி ஸ்பாய்லர்னு பாக்காதீங்க, முதல்ல பிரேக் டிஸ்க்கைப் பாருங்க, அப்புறம் ஆப்ஷன் லிஸ்ட்டைப் பாருங்க. என்னோடது 2021 மாடல் 4எஸ், பெரிய பேட்டரி, ஒரு ஓனர் கைமாறி வந்தது. ஸ்டுட்கார்ட் பக்கம்தான் ஓடுது, அதாவது இந்தக் கார் பொறந்த ஸூஃபன்ஹவுசன் ஃபேக்டரிக்குப் பக்கத்துலயே.

பிரேக்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா மத்த எலக்ட்ரிக் கார்ல இருந்து வர்றவங்களுக்கு முதல் நாளே குழப்பம் வர்றது இங்கதான். டெஸ்லா மாதிரி ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா கார் தானா நிக்கும்னு நினைச்சா நிக்காது, அது பாட்டுக்கு உருண்டு போய்க்கிட்டே இருக்கும். போர்ஷே இதை வேணும்னேதான் இப்படி வச்சிருக்காங்க, ஒரே பெடல்ல ஓட்டுற மோடே கிடையாது. கரண்டைத் திருப்பி பேட்டரிக்கு அனுப்புற வேலை பெரும்பாலும் பிரேக் பெடல்லயே இருக்கு. நீங்க பெடலை மெதுவா அழுத்துறப்போ நிஜமா பிரேக் பேட் போய் டிஸ்க்கைப் பிடிக்கிறதே இல்ல, மோட்டார்தான் காரை இழுத்துப் பிடிக்குது, 265 கிலோவாட் வரைக்கும் இழுக்கும், 0.39 ஜி (புவியீர்ப்பு வேகத்துல 0.39 பங்கு) வரைக்கும் அதாலயே வேகத்தைக் குறைக்க முடியும். சாதாரணமா ஓட்டுறதுல பத்துக்கு ஒம்போது பிரேக் இப்படித்தான் முடியுதுன்னு கம்பெனி சொல்றாங்க, என் அனுபவத்துலயும் அது உண்மைதான். கிட்டத்தட்ட நிக்கப் போற நேரம், 5 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழ வந்தாதான் பேட் கைக்கு வேலை வருது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, மோட்டார் எங்க விட்டுச்சு, பேட் எங்க பிடிச்சுச்சுன்னு காலுக்குத் தெரியவே தெரியாது. பேட்டரி ஃபுல்லா இருந்தாலோ, ஜனவரி குளிர்ல பேட்டரி ஜில்லுன்னு இருந்தாலோ மோட்டாரால அவ்வளவு கரண்டை உள்ள தள்ள முடியாது, அப்போ பேட் அந்தக் குறையை ஈடு கட்டும், ஆனா பெடல் மட்டும் அதே கனம், அதே தூரம். உல்ம்ல இருந்து ஸ்டுட்கார்ட் பக்கம் ஏ8 ஹைவேல மலை இறங்குறப்போ, முன்னாடி லாரி லேன் மாறி திடீர்னு வேகத்தைக் குறைக்க வேண்டி வந்தா, ரெண்டேகால் டன் காருங்கிற நினைப்பே வராது, அவ்வளவு நம்பிக்கையா நிக்கும்.

ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் மோட்டார் இழுக்கணுமா வேண்டாமான்னு வைக்க ஸ்டியரிங்ல ஒரு பட்டன் இருக்கு, அதுல ஆஃப், ஆன், ஆட்டோன்னு மூணு நிலை. ஆன்ல வச்சா காலை எடுத்ததும் லேசா இழுக்கும். ஆட்டோ முன்னாடி போற வண்டியைப் பாத்து தானே இழுக்கும், நம்ம ஊர்க்குள்ள சிக்னலுக்கு சிக்னல் ஓட்டுறவங்களுக்கு அது பரவால்ல, ஆனா எனக்கு அது எப்போ இழுக்கும் எப்போ விடும்னு கணக்கு பிடிபடல, அதனால ஆஃப்லதான் வச்சிருக்கேன்.

இப்போ துரு விஷயம். 4எஸ்ல சாதாரணமா வர்றது வார்ப்பு இரும்பு டிஸ்க், முன்னாடி 360 மிமீ, பின்னாடி 358, பேடைப் பிடிச்சு அழுத்துற கேலிப்பர் சிவப்பு. பேட் டிஸ்க்கைத் தொடுறதே கம்மின்னா என்ன ஆகும், மழையிலயும் பனிக்கு ரோட்ல போடுற உப்புலயும் டிஸ்க் துரு பிடிக்கும். ராத்திரி மழை பெஞ்சு காலைல பாத்தா டிஸ்க் முழுக்க செம்பழுப்பா பூத்திருக்கும், முதல் தடவை பிரேக் போடும்போது சொர்ர்னு ஒரு சத்தம் வரும், அது ஒண்ணும் பயப்பட வேண்டியதில்ல, போயிடும். பயப்பட வேண்டியது வேற: டிஸ்க் வெளி ஓரத்துல ஒரு விரல் அகலத்துக்கு துரு வளையம் தடிப்பா நிக்குதா, நடு பாகத்துல வட்டம் வட்டமா வரி விழுந்திருக்கான்னு பாருங்க. வெளிப்பக்கம் பளபளன்னு இருந்தாலும் உள்பக்கம் கெட்டுப் போயிருக்கும், அதனால மொபைல் டார்ச்சை வீல் ஸ்போக் நடுவுல விட்டு பின் சக்கரத்தோட உள்பக்கத்தைப் பாக்கணும், அங்கதான் முதல்ல போகும். இங்க புது காருக்கு மூணு வருஷத்துல முதல் ட்யூஃப் (கட்டாய வண்டிப் பாதுகாப்பு) சோதனை, அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, எலக்ட்ரிக் கார் மாட்டிக்கிற இடங்கள்ல இந்த பிரேக் டிஸ்க்கும் ஒண்ணு.

கார் அப்பப்போ மோட்டார் பிரேக்கை ஒதுக்கி வச்சுட்டு பேடை மட்டும் வச்சு டிஸ்க்கைத் துடைக்கிற ஏற்பாடு உள்ளேயே இருக்கு. ஆனா கடைக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் மெதுவா ஓட்டுறவங்களுக்கு அது பத்தாதுன்னு நான் நினைக்கிறேன். நான் என்ன பண்றேன்னா, வண்டி கழுவினதுக்கு அப்புறமும் நல்ல மழைக்கு அப்புறமும் பின்னாடி யாரும் இல்லாத ரோடா பாத்து, நல்ல வேகத்துல இருந்து பெடலை நல்லா அமுக்கி ரெண்டு மூணு தடவை வேகத்தைக் குறைப்பேன், மோட்டாரால தாங்க முடியாத அளவுக்கு அமுக்கினாதான் பேட் உள்ள வரும். இது வரைக்கும் டிஸ்க் சுத்தமா இருக்கு.

விலை கூடின பிரேக் வாங்கலாமா? ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு டங்ஸ்டன் கார்பைடு பூச்சு போட்டது, பிஎஸ்சிபின்னு சொல்வாங்க, 4எஸ்ஸுக்கு மேல இருக்குற டைகான் டர்போ மாடலுக்கு இதுதான் ஸ்டாண்டர்டு, முன்னாடி 415 மிமீ, கேலிப்பர் வெள்ளை. இன்னொண்ணு செராமிக், டர்போ எஸ்ல வர்றது, 420 மிமீ, கேலிப்பர் மஞ்சள். பூச்சு போட்ட டிஸ்க்ல தூசி ரொம்பவே கம்மி, ஓட ஓட கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆகும், துரு அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது, அதனால எலக்ட்ரிக் காருக்கு இது உண்மையிலேயே பொருத்தமான பிரேக். செகண்ட் ஹேண்ட்ல இது இருக்குற வண்டி கிடைச்சா விடாதீங்க. செராமிக் இரும்பை விடப் பாதி எடைதான், ஆனா ரேஸ் டிராக் போறவங்களைத் தவிர வேற யாருக்கும் அது வேண்டாம், பத்துல ஒரு பிரேக்குக்கு மட்டும் வேலை செய்யுற டிஸ்க்குக்கு அவ்வளவு காசு கொட்டுறது எனக்கு நியாயமாப் படல, மாத்த வேண்டி வந்தா பில்லும் பயங்கரமா இருக்கும். ஒண்ணு கவனிங்க, கேலிப்பர் கலரை மட்டும் நம்பாதீங்க, கறுப்பு கலர்லயும் ஆர்டர் பண்ண முடியும், டிஸ்க்கைப் பாத்துதான் முடிவு பண்ணணும்.

பிரேக்ல இன்னொரு முக்கியமான விஷயம், 2024-ல உலகம் முழுக்க அதுவரைக்கும் வித்த எல்லா டைகானையும் முன் பிரேக் ஹோஸ் விரிசல் விடலாம்னு ரீகால் பண்ணாங்க. நீங்க பாக்குற வண்டில அந்த வேலை முடிஞ்சுதான்னு சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டர்ல கேட்டு பேப்பர் வாங்கிக்குங்க. டிஸ்ப்ளேல சிவப்பு பிரேக் எச்சரிக்கை வந்தா பக்கத்துல பாதுகாப்பா நிறுத்திடணும், வீட்டுக்குப் போய் பாத்துக்கலாம்னு ஓட்டக்கூடாது.

அடுத்து ஆப்ஷன். பின்னாடி போட முடியாததுக்குத்தான் காசு கொடுக்கணும், இதுதான் என் கருத்து. முதல் இடம் பெர்ஃபார்மன்ஸ் பேட்டரி ப்ளஸ், அதாவது பெரிய பேட்டரி, சின்ன பேட்டரில 71 கிலோவாட் அவர்தான் கைக்குக் கிடைக்கும், இதுல 83.7. சார்ஜிங் வேகமும் 225 கிலோவாட்ல இருந்து 270 ஆகுது. ஆட்டோபான்ல ஓட்டுறவங்களுக்கு இது இல்லாத வண்டியை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், எவ்வளவு விலை கம்மியா இருந்தாலும் சரி. அடுத்தது ஹீட் பம்ப், அதாவது கம்மி கரண்ட்ல காரைச் சூடு பண்ற சாதனம், என் வருஷத்து மாடல்ல அது ஆப்ஷன், குளிர் நாட்டுல அது இருக்கணும். நான் வண்டி தேடினப்போ ஒரு வியாபாரி ஃபுல் ஆப்ஷன் சார்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னார், லிஸ்ட்டை எடுத்துப் பாத்தா ஹீட் பம்ப்பைக் காணோம், ஆனா ஏசி ப்ளேடுக்கு பெயின்ட் அடிச்ச ஆப்ஷன் மட்டும் இருந்துச்சு. இந்த பிராண்ட்ல யாரு எதுக்கு காசு கொடுத்திருக்காங்கன்னு பேப்பரைப் பாத்தாதான் தெரியும்.

பின் சக்கரமும் திரும்புற ஆப்ஷன் எனக்கு ரொம்ப உபயோகம். திரும்புற வட்டம் 11.7 மீட்டர்ல இருந்து 11.2 ஆகுது, கேக்க கம்மியா இருக்கும், ஆனா ஸ்டுட்கார்ட் பழைய பார்க்கிங் கட்டடங்கள்ல தூணுக்கும் சுவருக்கும் நடுவுல வளைக்கிறப்போ அந்த அரை மீட்டர்தான் வீலைக் காப்பாத்துது. ஏர் சஸ்பென்ஷன் 4எஸ்ல கூடவே வருது, அதுக்குத் தனியா யோசிக்க வேண்டாம்.

பக்கத்து சீட்டுக்கு முன்னாடி வர்ற டிஸ்ப்ளே, எலக்ட்ரிக் ஸ்போர்ட் சவுண்ட், ரெண்டும் வேண்டாம். என் மனைவி அந்த டிஸ்ப்ளேவை முதல் வாரத்துக்கு அப்புறம் தொடவே இல்ல. 21 இன்ச் வீல் பாக்க அழகா இருக்கும்தான், ஆனா டயர் விலை, குழி விழுந்த ரோடு, குறையுற ரேஞ்ச், மூணையும் நினைச்சா 19 இல்ல 20 போதும். இன்னொண்ணு, லேன் பிடிக்கிறது, ரோட்டைப் பாத்து தானே வேகத்தை மாத்துற இன்னோடிரைவ் மாதிரி சில வசதிகளைப் பின்னாடி ஆன்லைன்லயே வாங்கி ஏத்திக்க முடியும், அதனால அது இல்லன்னு ஒரு நல்ல வண்டியைத் தள்ளி வச்சிடாதீங்க.

பட்ஜெட் தாங்குறவங்க 2024-க்கு அப்புறம் வந்த மாடலைப் பாருங்க, பெரிய பேட்டரில 97 கிலோவாட் அவர் கிடைக்குது, 320 கிலோவாட் சார்ஜிங், பிரேக் பெடல்ல மோட்டார் இழுக்குறது 400 கிலோவாட் வரைக்கும், ஹீட் பம்ப் கூடவே வருது. அதாவது பேட் தொடுறது இன்னும் கம்மி, அதனால டிஸ்க் விஷயம் அதுலயும் பாக்கணும். டெஸ்ட் டிரைவ் போறப்போ வியாபாரிகிட்ட கேட்டு ஒரு ஆளில்லாத ரோட்ல ஒரு தடவை நல்லா அமுக்கி நிறுத்திப் பாருங்க, ஸ்டியரிங் நடுங்குச்சுன்னாலோ பெடல் காலை உதைக்கிற மாதிரி இருந்தாலோ நாலு டிஸ்க்கும் பேடும் புதுசா போட்டுக் கொடுத்தாதான் கையெழுத்துன்னு சொல்லுங்க.