பிசியோ இல்லையாம், அப்ப என்ன? குன்னூரில் 600 ரூபாய் ஆலோசனை

இந்தப் படிப்பு ஆலோசனைக்கு ஐந்துக்கு மூன்றரை மார்க் கொடுக்கிறேன்.

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டு எக்சர்சைஸ் சயின்ஸ்தான், அதாவது உடற்பயிற்சியில் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்கிற படிப்புதான், படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஸ்கூலில் 1,500 மீட்டர் ஓடுகிறவன். போனில் பேசிய ஒரு அட்மிஷன் ஏஜெண்ட், "பிசியோதெரபி மாதிரியேதான்கா, மூணு வருஷத்துல முடிச்சு கிளினிக் போட்டுக்கலாம்" என்றார். அட்வான்ஸ் கட்டப் பணம் கூட எடுத்து வைத்துவிட்டேன். நாத்தனார்தான் தடுத்தாள். "குன்னூர்ல ஒரு பொண்ணு இதே படிப்பு படிச்சிட்டு ஞாயித்துக்கிழமை ஆலோசனை சொல்லுது, ஒரு எட்டு பாத்துட்டு வாங்க அண்ணி."

பெட்போர்டு பக்கம் ஒரு வர்க்கி கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு மணி நேரத்துக்கு 600 ரூபாய்.

ஏஜெண்ட் சொன்னதை முதலில் சொன்னேன். "பிசியோ ஆகணும்னா பி.பி.டி.ங்கிற பிசியோதெரபி டிகிரி படிக்கணும்கா. இன்டர்ன்ஷிப்போட நாலு வருஷத்துக்கு மேல ஆகும். இந்த டிகிரிய வச்சு பிசியோன்னு போர்டு மாட்ட முடியாது." கொடுத்த காசு அந்த இடத்திலேயே எனக்குச் சரியாகிவிட்டது.

"அப்ப இவன் என்னதான்மா ஆவான்?" என்றேன். பதில் சொல்லாமல் மூலையிலிருந்து 12 அங்குல உயரப் பலகை ஒன்றை இழுத்துப் போட்டார். போனில் டிக் டிக் என்று தாளம், நிமிடத்துக்கு 96. அதற்கு ஏற்றபடி ஏறி ஏறி இறங்கி இறங்கி, மூன்று நிமிடம். முடிந்ததும் பையனை உட்கார வைத்து, மணிக்கட்டைப் பிடித்து முழுசாக ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணினார். 82. பிறகு என்னையும் ஏறச் சொன்னார். ஒன்றரை நிமிடத்தில் போதும்மா என்று உட்கார்ந்துவிட்டேன், 138. மலைக் காற்று மெலிசு, அதனால்தான் என்றேன். "1,850 மீட்டர், மெலிசுதான். ஆனா நீங்க இங்கயே பொறந்து வளந்தவங்க, உடம்புக்குப் பழகியிருக்கும். காத்து மேல பழி போடாதீங்க." அப்புறம் பையனிடம், "ஓடுறது உன் வேலையா இருக்காது தம்பி. ஓடுறவங்களை அளக்கிறதுதான்" என்றார். அவன் முகம் கொஞ்சம் வாடியது. நல்லது, இப்போதே தெரியட்டும்.

ஜிம் டிரெய்னர் ஆக டிகிரியே வேண்டாமாம், 18 வயசும் ஒரு சர்டிபிகேட்டும் போதும். டிகிரி இருந்தால் ஏ.சி.எஸ்.எம். என்ற அமெரிக்க விளையாட்டு மருத்துவச் சங்கம் நடத்தும் எக்சர்சைஸ் பிசியாலஜிஸ்ட் (உடற்பயிற்சி உடலியல் நிபுணர்) பரீட்சை எழுதலாம். விளையாட்டு அணிகளில் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங், அதாவது வீரர்களின் உடல் வலுவைக் கூட்டும் வேலைக்கும் போகலாம். பி.டி. வாத்தியார் ஆக மேலே இரண்டு வருஷம் பி.பி.எட். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களின் முதுகுவலி, கழுத்துவலி மாதிரி வேலையால் வரும் வலியைக் குறைக்கிறதும் இந்தப் படிப்போடு சேர்ந்ததுதானாம். அதை ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிட்டார். எனக்கு அதைத்தான் இன்னும் கேட்க ஆசை. தையல் மெஷினில் குனிந்தே என் கழுத்து போய்விட்டது.

இனி குறை. பாதி நேரம் வெளிநாட்டுக் கதை. அங்கே இதய ஆபரேஷன் முடிந்தவர்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்டுவது இந்தப் படிப்புக்காரர்களின் வேலையாம். பையன் கண் விரிந்துவிட்டது. நம் ஆஸ்பத்திரிகளில் அதைப் பெரும்பாலும் பிசியோக்களே பார்க்கிறார்கள் என்பதைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் சொன்னார். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டாமா? சம்பளம் என்ன வரும் என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் "இடத்தைப் பொறுத்துக்கா". மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகம், போரூர் ராமச்சந்திரா என்று பெயர்கள் சொன்னார். பீஸ் நீங்களே விசாரிச்சுக்கோங்க என்றுவிட்டார். எழுதியும் தருவதில்லை. நான் அளவு நோட்டின் பின்பக்கத்தில், ஒரு ஜாக்கெட் அளவுக்குக் கீழே, கிறுக்கிக்கொண்டு வந்தேன்.

அட்வான்ஸ் கட்டவில்லை. இவன் இன்னும் அதே படிப்புதான் என்கிறான், பி.பி.டி.க்கும் ஒரு அப்ளிகேஷன் போடச் சொல்லியிருக்கிறேன்.

போகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். மாடிப்படி செங்குத்து, கைப்பிடியும் ஆடுகிறது. முட்டிவலி உள்ளவர்கள் கீழே வர்க்கி கடையில் சொன்னால் ஆலோசனை சொல்பவரே இறங்கி வருகிறார்.