தோவாளைப் பூச்சந்தை: கிறிஸ்துமஸ் பூவுக்கு நேரில் போங்கள்

வள்ளியூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். எங்கள் கிறிஸ்தவக் கோயில் பீடத்துக்குப் பூ வைப்பது ஒன்பது வருஷமாக என் பொறுப்பு. டிசம்பர் 23 ராத்திரி, வேனில் தெருத்தெருவாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கீத பவனி முடிந்ததும், பாடிய பிள்ளைகளில் ஆறேழு பேரோடு அதே வேனில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைக்குக் கிளம்பிவிடுவோம். பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் காற்றாலைகள், ஆரல்வாய்மொழி என்று வழி நெடுகப் பாட்டுதான். மெக்சிகோவில் சியாபா தே கோர்சோ என்ற ஊர்க்காரர்கள் டிசம்பரில் மலைக்கு நடந்தே போய், குழந்தை இயேசுவுக்குப் பூ பறித்துச் சுமந்து வருவார்களாம். அதைப் படித்ததிலிருந்து எங்கள் வேன் பயணத்தையும் நான் யாத்திரை என்றே சொல்கிறேன்.

விடியுமுன்னே சந்தை நிறைந்துவிடுகிறது. அரளி சேலத்திலிருந்தும் ரோஜா ஓசூர் பக்கமிருந்தும் வருகிறது. பிச்சியோ சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பூ. நாங்கள் போவதே அதற்காகத்தான். போன வருஷம் விரிந்த பிச்சியில் கை வைத்தேன். கடைக்காரத் தம்பி தடுத்து, “விடியக்கால ஆராதனைக்குத்தானக்கா? மொட்டா எடுத்துட்டுப் போங்க, சாயந்திரம் தானா விரியும்” என்றார். அப்படியே ஆனது. 24ஆம் தேதி இருட்டும்போது பீடம் முழுக்க வாசம். கோயிலைப் பெருக்க வந்த ஆச்சி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

விலை கூடுதல்தான். பனிக்காலத்தில் விளைச்சல் குறைவதால் பிச்சியும் மல்லியும் கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிடும். அதனால் பிச்சி பீடத்துக்கு மட்டும். தூண்களுக்குச் சம்பங்கியும் கோழிக்கொண்டையும் போதும்.

மாணிக்க மாலை கட்டுவதை நின்று பாருங்கள். அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, கல் பதித்த நகை மாதிரி பின்னுகிறார்கள். 2025இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

ஒரு வருஷம் அலுப்புப்பட்டு, டவுனில் ஒரு கடையில் போனிலேயே சொல்லிவிட்டேன். ஐஸ் பெட்டியில் கிடந்த சம்பங்கி வந்தது. முதல் பாட்டு முடிவதற்குள் ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. பண்டிகை நாளில் அதைப் பீடத்தில் பார்க்க எனக்கு அழுகையே வந்தது.

சரி, போகிறவர்கள் நனைத்த சாக்கும் வாழையிலையும் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் வீடு வருவதற்குள் பூ அவிந்துவிடும்.